சாப்பிட்டால்தான் வக்கீலா? ஆங்கிலேயக் கல்லூரி விருந்துகளும் வர்க்கமும்

#1 | கரிச்சான்

அடுத்த மாதம் கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரி விருந்துக்குப் போகிறேன். என்னோடு படித்த தோழி அங்கே ஃபெல்லோவாக, அதாவது கல்லூரியின் ஆசிரியர் குழுவில் ஒருத்தியாக இருக்கிறாள், ஃபெல்லோக்கள் உட்காரும் ஹை டேபிளில் தன் விருந்தினராக உட்காரக் கூப்பிட்டிருக்கிறாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, அவள் அனுப்பிய மின்னஞ்சலைப் படிக்கும்வரை.

அடர்நிற உடை. முதலில் தனியறையில் ஷெர்ரி ஒயின். மணி அடித்ததும் வரிசையாக உள்ளே போக வேண்டும். லத்தீனில் வேண்டுதல் முடியும்வரை உட்காரக் கூடாது. கத்தியையும் முள்கரண்டியையும் வெளிப்பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டே வர வேண்டும். ஒரு வகை சாப்பிடும்போது வலப்பக்கத்தவரோடு பேசினால் அடுத்த வகைக்கு இடப்பக்கத்தவரோடு பேச வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் மடித்துணியைக் கையில் எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய், வேறு ஆட்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பழமும் போர்ட் ஒயினும். போர்ட் எப்போதும் இடப்பக்கமாகவே நகர வேண்டும். கடைசி வரி: "பயப்படாதே, யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்." அந்த வரிதான் பயமாக இருக்கிறது.

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இவ்வளவும் எதற்கு? வெறும் பழைய பழக்கம்தானா, இல்லை இது ஏதாவது வேலை செய்கிறதா? அங்கே இருந்தவர்கள், படித்தவர்கள் சொல்லுங்கள்.

#2 | திண்ணைக்காரன்

பழம்பெருமை. அங்கி போட்டுப் புகைப்படம் எடுக்கலாம், பழைய மாணவர்களிடம் நன்கொடை வாங்கலாம். அதற்கு மேல் தத்துவம் தேடாதீர்கள். போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

#3 | சட்டக்காரி

திண்ணைக்காரன் சொல்வது அவ்வளவு சுலபமாகத் தீர்ந்துபோகிற விஷயம் இல்லை. லண்டனில் பாரிஸ்டர் ஆக வேண்டுமென்றால் 'இன்' எனப்படும் நான்கு வக்கீல் சங்கங்களில் ஒன்றில் சேர வேண்டும்: லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள். நானும் ஒன்றில் சேர்ந்து சாப்பிட்டவள்தான். இந்த இன்களின் கதையைப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும்.

ஆரம்பத்தில் இவை நிஜமான சட்டப் பள்ளிகள். மாணவர்கள் அங்கேயே தங்கினார்கள், மூத்தவர்கள் பாடம் சொன்னார்கள், கற்பனை வழக்கு வைத்து வாதாடிப் பழகினார்கள், எல்லாரும் ஒரே கூடத்தில் சாப்பிட்டார்கள். 1642-இல் உள்நாட்டுப் போர் வந்து இந்த ஏற்பாடு குலைந்தது. போர் முடிந்த பிறகும் பாடம் பழையபடி எழுந்து நிற்கவில்லை. 1872-இல்தான் தேர்வு கட்டாயமானது. நடுவில் 200-க்கும் மேற்பட்ட ஆண்டுகள். அந்தக் காலம் முழுக்க ஒரு ஆள் பாரிஸ்டர் ஆனது எப்படி? கட்டணம் கட்டினான், பெயரளவுக்குச் சில சடங்குகளை ஒப்பேற்றினான், கணக்குப்படி சாப்பிட்டான். பாடம் போயிற்று, சாப்பாடு நின்றது. தேர்வு வந்த பிறகும் சாப்பாட்டுக் கணக்கை யாரும் எடுக்கவில்லை.

காந்தி 1888-இல் இன்னர் டெம்பிளில் சேர்ந்தார். 12 டேர்ம் 'காப்பாற்ற' வேண்டும். டேர்முக்குச் சுமார் 24 விருந்துகள், அதில் 6-க்காவது போயிருக்க வேண்டும். சாப்பிடாமல் கூட உட்கார்ந்திருக்கலாம், ஆனால் ஆள் இருக்க வேண்டும். இதெல்லாம் அவர் சுயசரிதையில் இருக்கிறது. நான்கு பேர் ஒரு குழு, குழுவுக்கு இரண்டு பாட்டில் ஒயின். இவர் குடிக்காதவர் என்பதால் இவரைத் தங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளப் போட்டி, மூன்று பேர் இரண்டு பாட்டிலைக் காலி செய்யலாமே!

இதற்கு அப்புறம் அவர் சொல்வதுதான் நமக்கு வேண்டியது. முன்பு மாணவர்கள் கொஞ்சம் பேர்தான், அதனால் விருந்தில் மூத்தவர்களான பெஞ்சர்களோடு பேசிப் பழகி உலக அறிவு பெற முடிந்தது. தன் காலத்தில் பெஞ்சர்கள் தனி மேசைக்குப் போய்விட்டார்கள், வழக்கம் பொருளிழந்துவிட்டது, ஆனாலும் பழமை விரும்பும் இங்கிலாந்து அதை விடவில்லை என்கிறார். 'விருந்து பாரிஸ்டர்கள்' என்ற கேலிப் பெயரையும் குறிப்பிடுகிறார்.

காந்தியோடு இங்கே எனக்குச் சின்னக் கருத்து வேறுபாடு. பொருள் போகவில்லை, இடம் மாறிவிட்டது. மூத்தவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்குப் பதிலாக, மூத்தவர் எந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்பது பாடமாகிவிட்டது. மிடில் டெம்பிள் கூடத்தில் பெஞ்சர்களின் மேசை 29 அடி நீளம், மேடை மேல் குறுக்கே கிடக்கிறது. முதலாம் எலிசபெத் கொடுத்த ஓக் மரம் என்று வழிவழியாகச் சொல்வார்கள். கீழே உட்கார்ந்து சூப் குடிக்கும் 22 வயதுப் பெண்ணுக்கு அந்த மேசை ஒரு சொற்பொழிவும் ஆற்ற வேண்டியதில்லை.

(இப்போது 'தகுதி அமர்வுகள்' என்று பெயர் மாற்றி, விரிவுரை, வார இறுதிப் பயிற்சி எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். சாப்பிட்டே தீர வேண்டிய காலம் இல்லை. ஆனால் விருந்துகள் நடக்கின்றன, இடமும் நிரம்புகிறது.)

#4 | திண்ணைக்காரன்

சரி, 200 ஆண்டு விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வது ஒரு சங்கம் தன்னைத் தக்கவைத்துக்கொண்ட கதை. தச்சர் சங்கமும் கூடிச் சாப்பிடும். வர்க்கம் எங்கே வருகிறது?

#5 | மாடிப்படி

வர்க்கம் எங்கே வருகிறது என்று நான் சொல்கிறேன். கேம்பிரிட்ஜில் மூன்று வருடம் படித்தேன், கல்லூரிப் பெயர் வேண்டாம்.

முதலில் கூடம். நீளமான அறை, மாணவர் மேசைகள் நீளவாட்டில், ஹை டேபிள் கோடியில் குறுக்குவாட்டில், பெரும்பாலும் ஒரு படி உயரத்தில். ஒரே ஒரு படிதான்! சுவரில் நிறுவியவர்கள், தலைவர்கள் படங்கள். டிரினிட்டி கல்லூரியில் எட்டாம் ஹென்றி மன்னரே காலை அகட்டி நிற்கிறார். நீங்கள் வந்து நின்று காத்திருப்பீர்கள். மணி அடிக்கும், எல்லாரும் எழுவார்கள், ஃபெல்லோக்கள் வரிசையாக உள்ளே வருவார்கள். யாராவது லத்தீனில் சொல்வார்கள். சில இடங்களில் நீளம், சில இடங்களில் 'பெனடிக்டுஸ் பெனடிகாட்' என்ற இரண்டே சொல். உட்காருவீர்கள். அவர்கள் முடித்து எழும்போது மறுபடி எழுவீர்கள். ஒரு மாலையில் இரண்டு முறை எழுந்து நின்றீர்கள், யாரும் "மரியாதை கொடு" என்று சொல்லவில்லை.

என் முதல் இரவு. என் வகுப்பில் அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் குறைவு, நான் அதில் ஒருத்தன். அங்கியைக் கடன் வாங்கிப் போயிருந்தேன், வேறு கல்லூரி அங்கி என்று அப்புறம் தெரிந்தது. நிறமும் வெட்டும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும், கறுப்பென்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிட்டேன். எதிரே இருந்த பையன் பார்த்தான், சிரிக்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை, பேச்சை மட்டும் பக்கத்து ஆளிடம் திருப்பிக்கொண்டான். அவனுக்கு இந்தக் கூடம் புதிதே இல்லை. அவன் விடுதிப் பள்ளியில் பதின்மூன்று வயதிலிருந்து இதே மாதிரிக் கூடம், இதே மாதிரிப் படங்கள், இதே மாதிரி வேண்டுதல். எனக்கு அது அரண்மனை, அவனுக்கு அது மெஸ். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அதே விஷயம் மறுநாள் வகுப்பில் யார் முதலில் கை தூக்குகிறார்கள் என்பதிலும் தெரியும்.

கரிச்சான், உங்கள் தோழி சொன்ன போர்ட் விஷயத்துக்கு வருகிறேன். குடுவை இடப்பக்கமாகச் சுற்றுகிறது. யாரோ ஒருவர் கவனிக்காமல் தன் முன்னாலேயே வைத்துக்கொண்டார் என்று வையுங்கள். "கொஞ்சம் தள்ளுங்கள்" என்று கேட்கக் கூடாது. "உங்களுக்கு நார்விச் பிஷப்பைத் தெரியுமா?" என்று கேட்க வேண்டும். விவரம் தெரிந்தவர் மன்னிப்புக் கேட்டுக் குடுவையை நகர்த்துவார். தெரியாதவர் "இல்லையே, யார் அவர்?" என்பார். அப்போது, "நல்ல மனிதர்தான், போர்டைத்தான் தள்ளவே மாட்டார்" என்று பதில் வரும்.

இதை நினைத்துப் பாருங்கள். விதியை மீறியவனுக்கு விதியை நினைவூட்டுகிறார்கள், அதுவும் ஏற்கெனவே விதி தெரிந்தவனுக்கு மட்டும் புரிகிற மொழியில். தெரிந்தவனுக்கு அது நகைச்சுவை, தெரியாதவனுக்கு அது பரீட்சை. பரீட்சை நடந்ததே அவனுக்குத் தாமதமாகத்தான் தெரியும். இடைக்காலத்தில் உப்புக் கிண்ணத்துக்கு மேலே யார், கீழே யார் என்று மேசையில் வெளிப்படையாகப் பிரித்தார்கள். அது எவ்வளவோ நேர்மை என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் நான் சொல்ல வந்தது இது இல்லை, சொல்லக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் புது மாணவர்கள் வந்தார்கள். ஒரு பெண் வேண்டுதலுக்கு முன்பே உட்கார்ந்துவிட்டாள். நான் குனிந்து, ரொம்ப அன்பாக, "இன்னும் இல்லை" என்றேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். சொன்ன கணத்தில் நான் அந்தக் கூடத்தைச் சேர்ந்தவனாகிவிட்டேன். முதல் வருடம் முழுக்கச் சாப்பிட்டு வராத உரிமை, ஒருத்தியைத் திருத்தியதும் வந்தது. அப்படித்தான் இந்த இயந்திரம் ஓடுகிறது. காவலுக்குப் பழைய பிரபுக்களை வைப்பதில்லை, போன வருடம் அவமானப்பட்டவனை வைக்கிறது. அவன் பட்ட பாடு வீணாகக் கூடாதல்லவா, விதியை அவனைவிடக் கவனமாக யார் காப்பாற்றுவார்கள்?

#6 | ஓலைப்பெட்டி

நார்விச் பிஷப்! சிரித்துவிட்டேன். இதோடு ஒரு துணுக்கு: ஆக்ஸ்ஃபோர்டு நியூ காலேஜில் ஃபெல்லோக்கள் அறையில் மேசைகளைக் கணப்பைச் சுற்றிப் போட்டிருப்பார்கள். குடுவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எப்படிப் போகும்? கப்பி வைத்து ஒரு குட்டி ரயில் பாதையே போட்டிருக்கிறார்கள், 'போர்ட் ரயில்வே'. எழுந்து நாலடி நடந்து கொடுத்தால் முடிந்தது. ஆனால் நடக்கக் கூடாதே.

#7 | பரிமாறியவள்

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். எல்லாரும் உட்கார்ந்த பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள்.

மேல்படிப்புக் காலத்தில் இரண்டு வருடம் ஒரு கல்லூரிக் கூடத்தில் பகுதிநேரமாகப் பரிமாறினேன். என் கல்லூரி வேறு, பரிமாறிய கல்லூரி வேறு. செவ்வாய் இரவு அங்கே தட்டு எடுப்பேன், வெள்ளி இரவு என் கல்லூரியில் அங்கி போட்டு உட்காருவேன். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

தம்பி மாடிப்படி, அந்தக் கூடத்தில் விதிகள் எல்லாம் தெரிந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பட்லர். எங்கள் பட்லர் முப்பது வருடமாக அங்கே வேலை பார்த்தவர். யாருக்குப் பக்கத்தில் யாரை உட்கார வைக்கலாம், எந்த ஃபெல்லோ எவரோடு பேசுவதில்லை, புதிதாக வந்த தலைவர் எந்த வேண்டுதலைத் தப்பாகச் சொல்கிறார், எல்லாம் அவருக்கு அத்துப்படி. புது ஃபெல்லோக்கள் மெல்ல அவரிடம் வந்து கேட்டுக்கொள்வார்கள். அவர் சொல்லித் தருவார், "சார்" சேர்த்துத்தான் சொல்வார். விதி தெரிந்தால் வர்க்கம் மாறிவிடும் என்றால் அவர்தான் அந்தக் கல்லூரிக்குத் தலைவராகியிருக்க வேண்டும்.

எங்களுக்கும் விதிகள் உண்டு. ஹை டேபிளில் கடைசி ஆள் முள்கரண்டியைக் கீழே வைக்கும்வரை தட்டைத் தொடக் கூடாது. பட்லர் தலையை லேசாக அசைப்பார், அப்போது எல்லாரும் ஒரே நேரத்தில் நகர்வோம். பேச்சு காதில் விழும், விழாதது போல் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை என் ஆய்வு நெறியாளரே விருந்தினராக வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்து தட்டை எடுத்தேன். "நன்றி" என்றார், திரும்பிப் பார்க்காமல். மறுநாள் அவர் அறையில் ஒரு மணி நேரம் என் கட்டுரையைப் பற்றி ரொம்ப அக்கறையாகப் பேசினார். கெட்ட மனிதர் இல்லை. முந்தைய இரவு அவர் கண்ணுக்கு நான் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

மேலே இருப்பவரைப் பார்க்க வைப்பது பாதி வேலை. கீழே இருப்பவரைப் பார்க்காமல் இருக்கப் பழக்குவது மீதிப் பாதி. அந்த இரண்டாவது பாதி இங்கே ஒருவர் பதிவிலும் வரவில்லை.

#8 | ஓலைப்பெட்டி

அக்கா, துணுக்கு போட்டதற்காக வெட்கப்படுகிறேன். தொடருங்கள்.

#9 | சட்டக்காரி

பரிமாறியவள் சொன்னதோடு ஒன்று. பெண்கள் கதையிலும் மேசைதான் கடைசிக் கதவு. இந்தியாவின் முன்னோடிப் பெண் வக்கீல் கார்னீலியா சொராப்ஜி 1892-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பி.சி.எல். என்ற சட்டத் தேர்வு எழுதினார். ஆனால் அப்போது எந்த 'இன்'னும் பெண்ணை உள்ளே விடாது. 1919-இல் சட்டம் மாறிய பிறகு, 1923-இல்தான் லிங்கன்ஸ் இன் வழியாக பாரிஸ்டர் ஆனார். தேர்வுக்கும் மேசைக்கும் நடுவே 31 வருடம்.

கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948-இல். 1928-இல் எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் அங்கே பெண்கள் கல்லூரிகளில் பேசப் போனார். அதிலிருந்து பிறந்த கட்டுரையில் ஆண்கள் கல்லூரியின் மதிய விருந்தையும் பெண்கள் கல்லூரியின் இரவுச் சாப்பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். ஒரு பக்கம் மீன், கவுதாரி, ஒயின். இன்னொரு பக்கம் தண்ணீர் மாதிரி சூப், மாட்டிறைச்சி, அப்புறம் வேகவைத்த உலர் பிளம்ஸும் கஸ்டர்டும். சமையல்காரி மேல் அவருக்குப் புகார் இல்லை. ஆண்கள் கல்லூரிக்குள் அரசரும் வணிகரும் நூற்றாண்டுகளாகக் கொட்டிய பொன்தான் கவுதாரியாகத் தட்டுக்கு வருகிறது என்கிறார். நீங்கள் எல்லாம் சடங்கைப் பற்றியே பேசுகிறீர்கள், சடங்கு நடத்தச் சொத்து வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாட்லின் கல்லூரிதான் ஆண்கள் கல்லூரிகளில் கடைசி, 1988-இல் பெண்களைச் சேர்த்தது. மாணவர்கள் சிலர் கையில் கறுப்புப் பட்டி கட்டினார்கள், கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டார்கள். சேர்ந்து சாப்பிட இன்னொருத்தி வருகிறாள் என்பதற்குத் துக்கம்!

#10 | திண்ணைக்காரன்

நான் இறங்கி வந்துகொண்டிருக்கிறேன், ஆனால் முழுக்க இல்லை. இரண்டு கேள்வி.

ஒன்று, ஹை டேபிளே இல்லாத கல்லூரிகள் இருக்கின்றன. கேம்பிரிட்ஜ் வுல்ஃப்சன் 1965-இல் தொடங்கியபோதே அது வேண்டாம் என்று விட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டு வுல்ஃப்சனும் அப்படித்தான், தத்துவ அறிஞர் ஐசயா பெர்லின் முதல் தலைவராக இருந்த இடம். அங்கே படித்தவர்கள் வேறு வர்க்கமாகிவிட்டார்களா?

இரண்டு, கல்வி வாய்ப்பு ஏற்றத்தாழ்வை ஆராயும் சட்டன் டிரஸ்ட் 2019-இல் வெளியிட்ட அறிக்கைப்படி பிரிட்டனில் தனியார் பள்ளியில் படிப்பவர்கள் 7 சதவீதம், மூத்த நீதிபதிகளில் தனியார் பள்ளியில் படித்தவர்கள் 65 சதவீதம். இதைச் செய்தது பள்ளி, பணம், குடும்பம். விருந்து அதற்கு மேல் வைத்த பூ. பூவை எடுத்தால் மரம் விழுமா?

#11 | மாடிப்படி

நியாயமான கேள்வி. பூவை எடுத்தால் மரம் விழாது. வுல்ஃப்சனில் படித்தவரின் சான்றிதழிலும் அதே கேம்பிரிட்ஜ் பெயர்தான். அந்தப் பெயரின் கனத்தில் ஒரு பங்கு பக்கத்துக் கல்லூரிக் கூடங்களில் உண்டானது.

விருந்து ஆளைப் பொறுக்குவதில்லை. பொறுக்கி எடுத்தது சரிதான் என்று பொறுக்கப்பட்டவனை நம்பவைக்கிறது. பணத்தால் வந்தவன், மதிப்பெண்ணால் வந்தவன், இரண்டு பேரும் ஒரே மெழுகுவத்தி வெளிச்சத்தில், ஒரே படத்துக்குக் கீழே, ஒரே லத்தீனுக்கு எழுந்து நிற்கிறார்கள். இரவு முடியும்போது இருவருக்கும் "நான் இங்கே இருக்க வேண்டியவன்" என்று தோன்றிவிடும். மதிப்பெண்ணால் வந்தவன் பணத்தால் வந்தவனுக்குத் தகுதியைக் கடன் கொடுக்கிறான். பதிலுக்கு இவனுக்குக் கிடைப்பது பழமை, ஏதோ தன் தாத்தாவும் இங்கேயே சாப்பிட்டார் என்பது போல. எனக்குக் கிடைத்தது. இன்றும் ஒரு வேலை நேர்காணலில் பெரிய மேசையைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்குவதில்லை. அதை நான் திருப்பிக் கொடுத்துவிடத் தயாரா? இல்லை.

விதியைக் காப்பதோடு முடியவில்லை, விதியை உடைக்கும் உரிமையும் அங்கேதான் வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டின் புல்லிங்டன் கிளப் விலையுயர்ந்த வால்கோட்டு போட்டுக்கொண்டு உணவகத்தை உடைப்பதற்குப் பேர்போனது. கேமரன், ஜான்சன் இருவரும் அதில் உறுப்பினர்கள், இருவரும் பிரதமரானார்கள். நான் தட்டை உடைத்திருந்தால் படிப்பு போயிருக்கும்.

#12 | பரிமாறியவள்

உடைந்ததைப் பெருக்கியவர் பேர் எந்தப் புகைப்படத்திலும் இல்லை.

#13 | கரிச்சான்

போய்விட்டு வந்தேன். பத்து நாள் ஆகிறது, எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

நன்றாகத்தான் நடந்தது. எழ வேண்டிய நேரத்தில் எழுந்தேன். கத்தி, முள்கரண்டி தப்பவில்லை. மேடையில் உட்கார்ந்து கீழே பார்த்தால் மாணவர்கள் ஒரே கறுப்புக் கூட்டமாகத் தெரிகிறார்கள், முகம் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அந்த ஒரு படி, மாடிப்படி சொன்னது போல, நிறைய வேலை செய்கிறது.

அப்புறம் உள் அறை. என் வலப்பக்கம் இன்னொரு விருந்தினர், பொறியாளர், முதல் முறை வந்திருக்கிறார் போலிருந்தது. ரொம்ப நேரம் தன் வேலையைப் பற்றிச் சுவையாகப் பேசிக்கொண்டிருந்தார். போர்ட் குடுவை அவர் முன்னாலேயே நின்றுவிட்டது. அடுத்தது நான்தான். மேசைக்கு எதிரே இரண்டு பேர் அதைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.

நான் கையை நீட்டி எடுத்திருக்கலாம். விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். நான், "உங்களுக்கு நார்விச் பிஷப்பைத் தெரியுமா?" என்றேன்.

எதிரே இருந்த இருவரும் சிரித்தார்கள், என்னைப் பார்த்து. தோழியும் சிரித்தாள். அவர், "நார்விச்சா? என் மாமனார் ஊர் அந்தப் பக்கம்தான்..." என்று ஆரம்பித்தார். அந்த மூன்று நான்கு விநாடி எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று இங்கே எழுதவே கை வரவில்லை.

#14 | மாடிப்படி

எனக்குத் தெரியும்.

#15 | பரிமாறியவள்

கரிச்சான், குடுவையைக் கொண்டுவந்து முதலில் மேசையில் வைத்தவர் ஆணா, பெண்ணா?

#16 | கரிச்சான்

யோசித்துப் பார்த்துவிட்டேன் அக்கா. வெள்ளைக் கையுறை ஞாபகம் இருக்கிறது.